குவாதலூப் தீவில் எங்கே தங்குவது? கடற்கரையா, மலைப்பக்கமா?

திருநகர் வாத்தியார்:

எல்லோருக்கும் வணக்கம். நானும் வீட்டம்மாவும் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், மதுரை திருநகரில் இருக்கிறோம். மகன் பாரிஸில் வேலை பார்க்கிறான். பொங்கல் கழிந்ததும் அவனிடம் போகிறோம். அந்த நேரத்தில் அங்கே குளிர் எலும்பைக் குடையுமாம், அதனால் நடுவில் ஒரு பத்து நாள் வெயில் அடிக்கிற ஊருக்குக் கூட்டிப்போகிறேன் என்று அவனே குவாதலூப் தீவைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறான். கரீபியன் கடலில் இருக்கிறது, பிரான்ஸின் ஆட்சிப்பகுதி, பாரிஸிலிருந்து எட்டரை மணி நேரம் நேர் விமானம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தங்குகிற இடத்தில்தான் வீட்டில் பஞ்சாயத்து. கோசியே என்ற ஊரில் கடலை ஒட்டிய ஓட்டலில் மொத்த நாளும் போட்டுவிடலாம், காலைச் சாப்பாடும் அவர்களே கொடுத்துவிடுவார்கள், அலைச்சல் இல்லை என்கிறான் மகன். வீட்டம்மாவோ சுத்த சைவம், மூட்டுவலி வேறு, நீச்சல் எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. கடலைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது என்று கேட்கிறாள், நியாயம்தானே? அருவி, காடு, அப்புறம் அங்கே நம்மாட்கள் கட்டிய மாரியம்மன் கோயில் ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறாள். எனக்கு எரிமலைப் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தால் போதும், ஏறுவதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை.

ஒரே இடத்தில் தங்கலாமா, இரண்டாகப் பிரிக்கலாமா? ஓட்டலா, வாடகை வீடா? சைவத்துக்கு என்ன வழி? போய் வந்தவர்கள் சொல்லுங்கள். பயண நிறுவனத்தின் விளம்பரத் தாளில் இருப்பதை எடுத்துப் போட வேண்டாம், அது என்னிடமே கட்டுக்கட்டாக இருக்கிறது.

---

லாஷப்பெல் மேலூரான்:

ஐயா, வணக்கம். மேலூர்க்காரன், பாரிஸில் குடித்தனம். இங்கே குளிர் தாங்காமல் குடும்பத்தோடு அந்தத் தீவுக்குப் போய்வருகிற பழக்கம் உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் விசா, இதைச் சரிசெய்யாமல் தங்குமிடம் பேசிப் பிரயோசனமில்லை. குவாதலூப் பிரான்ஸின் ஒரு மாவட்டம், யூரோதான் செலாவணி, ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) கிடையாது. பாரிஸுக்கு வாங்குகிற சாதாரண விசாவை வைத்துக்கொண்டு அங்கே இறங்க முடியாது. விண்ணப்பம் போடும்போதே குவாதலூப்பும் போகிறோம் என்று எழுதி, கடல்கடந்த பிரெஞ்சு மாவட்டத்துக்கும் செல்லும்படி கேட்டு வாங்குங்கள். தீவுக்குப் போவது ஷெங்கனை விட்டு வெளியேறுவதாகக் கணக்கு, திரும்பி பாரிஸ் வர வேண்டுமே, அதனால் பலமுறை நுழையும் விசாவாகவும் இருக்க வேண்டும். உங்கள் மகனிடம் பிரெஞ்சு வசிப்பு அட்டை இருந்தால் அவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதனாலேயே பிள்ளைகள் இதை யோசிக்காமல் அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள்.

இப்போது தங்குமிடம். வரைபடத்தில் பாருங்கள், இறக்கை விரித்த பட்டாம்பூச்சி மாதிரி இரண்டு தீவுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் குறுகலான உப்பாறு, மேலே பாலம், காரில் போகும்போது தாண்டியதே தெரியாது. கிழக்கே இருப்பது கிராந்த்-தேர். சுண்ணாம்புப் பாறைத் தரை, மேடுபள்ளம் அதிகமில்லை, வெள்ளை மணல், கரும்புக் காடு. மகன் சொல்கிற கோசியே, அதைத் தாண்டி சேந்த்-ஆன், கடைசியில் சேன்-பிரான்சுவா எல்லாம் இந்தப் பக்கம். மேற்கே இருப்பது பாஸ்-தேர். முழுக்க மலை, மழைக்காடு, அருவி, 1,467 மீட்டர் உயரத்தில் லா சூஃப்ரியேர் எரிமலை. அருவி, காடு, கோயில், எரிமலை என்று நீங்களும் அம்மாவும் கேட்கிற எல்லாமே மேற்கில்தான் இருக்கிறது. மகன் ஓட்டல் பார்த்திருப்பது கிழக்கில்.

கோசியேயிலிருந்து தினமும் மலைப்பக்கம் போய்வர முடியாதா என்றால், முடியும். ஆனால் இரண்டு பக்கமும் சேரும் இடத்தில்தான் ஜாரி என்ற பெரிய தொழிற்பேட்டை இருக்கிறது. மொத்தத் தீவும் காலையில் அங்கேதான் வேலைக்குப் போகிறது. ஆறரை மணிக்கே கார்கள் நகராது. தீவு தானே, சின்னதாகத்தான் இருக்கும் என்று போனவர்கள் எல்லோரும் அந்த நெரிசலில் உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் ஆறு மணி வாக்கில் இருட்டிவிடும், மலைப்பாதை வளைவுகளில் இருட்டில் ஓட்டுவது மகனுக்கும் சிரமம்.

அதனால் என் யோசனை, நாளைப் பிரித்துவிடுங்கள். முதல் பாதி பாஸ்-தேரின் மேற்குக் கரையில் தெஷே அல்லது புயான்த் பக்கம். பிற்பாதி சேந்த்-ஆன். மேற்குக் கரை மலைக்கு மறைவில் இருப்பதால் கடல் அநேகமாகக் குளம் போல இருக்கும், சூரியன் மறைவதும் அந்தப் பக்கம்தான். மாலாந்தூர் என்ற இடத்தில் சின்னக் கருமணல் கரை, எதிரே இரண்டு குட்டித் தீவுகள், சுற்றிலும் பாதுகாக்கப்பட்ட கடல். கண்ணாடி அடித்தளம் வைத்த படகில் கூட்டிப்போவார்கள், நீச்சலே தெரியாதவர் உட்கார்ந்த இடத்திலிருந்து பவளப்பாறையும் மீன் கூட்டமும் பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் ஆமையும் வரும். கடலில் கால் நனைக்காத என் மாமியார் அந்தப் படகை விட்டு இறங்கவே மாட்டேன் என்றார்.

அருவிக்கு வருகிறேன். கார்பே அருவி மூன்று அடுக்கு. இரண்டாவது அருவி 110 மீட்டர், கார் நிறுத்தத்திலிருந்து இருபது நிமிட நடை, பாதை நன்றாக இருக்கும் ஆனால் படிகள் உண்டு, அம்மாவின் முட்டியைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். பாறைகள் சரிந்ததிலிருந்து அருவியின் அடிக்குப் போக விடுவதில்லை, எதிரே நின்று பார்ப்பதுதான். முடியாது என்றால் மலையைக் குறுக்கே வெட்டிப்போகும் ரோட்டில் எக்ரெவிஸ் அருவி இருக்கிறது. சின்ன அருவிதான், ஆனால் சமதளப் பாதை, சில நிமிடத்தில் போய்விடலாம், காட்டுக்குள் நுழைந்த உணர்வு அங்கேயே கிடைத்துவிடும்.

எரிமலைக்கு, பேன்-ஜோன் என்ற இடம் வரை கார் போகும், அதுவே ஏறக்குறைய 950 மீட்டர் உயரம். உச்சிக்கு அங்கிருந்து இரண்டு மணி நேரம் ஏற வேண்டும், மேலே பாதி நாள் மேகம்தான், கந்தகப் புகை வருகிற பகுதியை அடைத்தும் வைத்திருக்கிறார்கள். நீங்கள் கீழேயே நிற்கலாம். சும்மா கிடக்கிற மலை என்று நினைத்துவிடாதீர்கள், 1976ல் அது சீறியபோது சுற்றியிருந்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊரைக் காலி செய்ய வைத்தார்கள். பக்கத்தில் அங்கங்கே வெந்நீர் ஊற்றுகள் உண்டு, மூட்டுக்கு இதமாக இருக்கும். ஒன்றே ஒன்று, தலையை முக்கக் கூடாது, மூக்கில் தண்ணீர் ஏறக் கூடாது. மூளையைத் தாக்கும் ஒருவகை அமீபா அந்த ஊற்றுகளில் இருப்பது தெரிந்து எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். கழுத்தளவோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

---

உசிலை கப்பல்காரன்:

நான் சொகுசுக் கப்பலில் சமையல் பிரிவில் இருக்கிறேன், அந்தக் கடல் முழுக்கச் சுற்றியவன். வாத்தியார் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் பிரெஞ்சு தெரியாமல் குவாதலூப் எதற்கு? அங்கே கடை, பஸ், போர்டு, மெனு எல்லாம் பிரெஞ்சு, வீட்டில் கிரியோல் என்கிற பிரெஞ்சு கலந்த உள்ளூர்ப் பேச்சு. இங்கிலீஷ் எடுபடாது.

பார்படோஸ் போங்கள். நம்ம பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி விசா வேண்டாம். இங்கிலீஷ் பேசுவார்கள், வண்டி நம்மூர் மாதிரி இடப்பக்கம் ஓடும். நீளம் 34 கிலோமீட்டர், அகலம் 23, அவ்வளவுதான் தீவு. மேற்குக் கரை அமைதியான கடல், பணக்கார ஓட்டல்கள், விலையைக் கேட்டால் மயக்கம் வரும். தென்கரையில் வொர்த்திங், செயின்ட் லாரன்ஸ் பக்கம் நடுத்தர விலையில் அறையும் சமையல் வசதியுள்ள வீடும் கிடைக்கும், பஸ்ஸுக்கும் பஞ்சமில்லை. கிழக்கே பத்ஷீபா, பார்க்கத்தான் அழகு, குளிக்க இறங்கிவிடாதீர்கள், அலை இழுத்துக்கொள்ளும். கடற்கரை எல்லாமே பொதுச்சொத்து, ஓட்டல் முன்னால் இருக்கிறது என்று யாரும் உங்களை விரட்ட முடியாது. அமெரிக்க டாலர் ஒன்றுக்கு பார்படோஸ் டாலர் இரண்டு, நிலையான விகிதம், கணக்குப் போடுவது சுலபம். கிரிக்கெட் பார்க்கிறவர் என்றால் கென்சிங்டன் ஓவல் மைதானம் அங்கேதான். 2024 டி20 உலகக்கோப்பை இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்காவை ஏழு ரன்னில் நாம் ஜெயித்தோமே, அதே மைதானம்.

இன்னொன்று, யார் சொன்னாலும் கப்பல் பயணமாகப் போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள். என் பிழைப்பே அதுதான், இருந்தாலும் சொல்கிறேன். காலையில் இறக்கிவிட்டு மாலையில் ஏற்றிக்கொள்வோம். துறைமுகத்தைச் சுற்றியுள்ள நகைக்கடையைத்தான் பார்ப்பீர்கள், தீவைப் பார்க்க மாட்டீர்கள்.

---

திருநகர் வாத்தியார்:

கப்பல்காரத் தம்பி, ஓவல் மைதானத்தைச் சொல்லி ஆசை காட்டிவிட்டீர். மகனிடம் கேட்டேன். பாரிஸிலிருந்து பார்படோஸ் போக லண்டன் மாறுவதுதான் வசதியான வழியாம், அதற்கு இங்கிலாந்து விசா விவகாரம் தனியாகப் பார்க்க வேண்டும், பிரெஞ்சு விசாவோடு இது வேறா என்கிறான். மதுரையிலிருந்தே நேராகக் கிளம்புகிறவர்களுக்கு உங்கள் யோசனைதான் பொருத்தம். மகன் பிரெஞ்சு நன்றாகப் பேசுவான், கார் ஓட்டுவான், அதனால் எங்களுக்குக் குவாதலூப்பே இருக்கட்டும்.

மேலூர்க்காரர் சொன்ன விசா விஷயம் அவனுக்கே தெரியவில்லை. நல்லவேளை, இன்னும் விண்ணப்பம் போடவில்லை. சைவச் சாப்பாடு பற்றியும் கோயில் பற்றியும் யாராவது சொன்னால் வீட்டம்மா நிம்மதியாவாள்.

---

அய்யர் பங்களா அக்கா:

சார், நான் மேலூர்த் தம்பி சொல்வதோடு பாதிதான் ஒத்துப்போவேன். முட்டிவலிக்காரியாகச் சொல்கிறேன். பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதும் ஆம்பளைகளுக்குப் பெரிய விஷயமில்லை, கட்டுவது யார்? மேற்குக் கரையில் கிடைக்கிற வாடகை வீடுகள் பாதி மலைச்சரிவில் இருக்கும். படத்தில் கடல் தெரியும் என்று அழகாகப் போட்டிருப்பார்கள், வாசலிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி என்று போட மாட்டார்கள். நாங்கள் எடுத்த வீட்டில் சாமானைத் தூக்கிக்கொண்டு ஏறியதிலேயே என் முதல் நாள் போய்விட்டது. பிரிப்பதென்றால் பிரியுங்கள், ஆனால் வீட்டுக்காரருக்கு மகனை விட்டு போன் போடச் சொல்லி மூன்று கேள்வி கேளுங்கள். கார் வீட்டு வாசல் வரை வருமா, உள்ளே படி எத்தனை, தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா.

தண்ணீர்த் தொட்டி என்றதும் சிரிக்காதீர்கள். அத்தனை மழை பெய்கிற தீவில் குழாய் பழசாகி ஓட்டை விழுந்து, பல ஊர்களில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். எங்களுக்கும் காலையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தொட்டி இருக்கிற வீடாகப் பார்த்து எடுத்தால் கவலை இல்லை.

சாப்பாட்டுக்கு ஓட்டல் வேண்டவே வேண்டாம், சமையலறை உள்ள வீடுதான். ஓட்டல் காலைச் சாப்பாட்டில் மேடத்துக்கு ரொட்டியும் பழமும்தான் மிஞ்சும். அங்கே எங்கே பார்த்தாலும் அக்ரா என்று ஒரு வடை பொரித்துக் கொடுப்பார்கள், பார்க்கச் சைவம் மாதிரியே இருக்கும், உள்ளே கருவாட்டு மீன், கேட்காமல் வாயில் போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். கொலம்போ என்று நம்ம குழம்பு வம்சத்தில் ஒன்று வைப்பார்கள். மஞ்சள், மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு அரைத்த பொடி, வாசம் தெருவிலேயே அடிக்கும். ஆனால் ஆட்டுக்கறி, கோழி, பன்றி போட்டுத்தான் வைப்பார்கள். சில கடைகளில் காய்கறி போட்டுக் கேட்டால் செய்து தருவார்கள், முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

சந்தையில் நமக்கு எல்லாம் இருக்கிறது சார். சௌசௌ, பரங்கி, வெண்டை, கத்தரி, சீமைப்பலா, வாழைக்காய், பச்சைத் துவரை. பச்சைத் துவரைக்கு கிறிஸ்துமஸ் சமயம்தான் உச்சம், ஜனவரியிலும் கிடைக்கும். துவரை உரித்துப்போட்டு சௌசௌ கூட்டு வைத்தேன், வீட்டுக்காரம்மா வந்து கிண்ணம் நீட்டி வாங்கிப்போனார். புவாந்தாப்பித்ர் ஊரில் செயின்ட் அந்துவான் சந்தை, கம்பி வேலைப்பாடு போட்ட பழைய கட்டடம், மசாலா வாங்க அங்கே போங்கள். கிழங்கு வகை மட்டும் பாஸ்-தேரின் தெற்குப் பக்கம் ரோட்டோரக் குவியலில் வாங்காதீர்கள். வாழைத் தோட்டங்களில் 1972லிருந்து 1993 வரை குளோர்தெகோன் என்று ஒரு பூச்சிமருந்து அடித்திருக்கிறார்கள், அது இன்னும் மண்ணை விட்டுப் போகவில்லை, கிழங்கில்தான் ஏறும். பெரிய கடைகளில் சோதித்து விற்பதை வாங்கினால் போதும். பழம் பயமில்லாமல் சாப்பிடலாம்.

ஊரிலிருந்து பருப்புப்பொடி, சாம்பார்பொடி, புளி கொண்டுபோங்கள். நெய், பால் இனிப்பு, கறிவேப்பிலை வேண்டாம், பாரிஸிலேயே பிடுங்கிவிடுவார்கள். பாலும் இறைச்சியும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாது, இலை தழைக்குச் சான்றிதழ் கேட்பார்கள். ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் கடை சாத்திவிடும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

அப்புறம் லே சேந்த் தீவை யாருமே சொல்லவில்லையே! எனக்கு மொத்தப் பயணத்திலும் அதுதான் பிடித்தது. த்ருவா-ரிவியேர் துறையிலிருந்து படகு, இருபது நிமிடம்தான், ஆனால் இரண்டு தீவுக்கும் நடுவில் கடல் குதிக்கும், வாந்தி வருகிறவர்கள் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். தேர்-து-ஓ என்ற ஊரில் இறங்குவீர்கள், சிவப்புக் கூரை வீடுகள், ஒரு வளைகுடா, மேலே நெப்போலியன் கோட்டை. கோட்டை காலையில் மட்டும்தான் திறந்திருக்கும், மத்தியானம் போனால் பூட்டைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான். மேலே ஏற மின்சார வண்டி வாடகைக்குக் கிடைக்கும். பகலில் கூட்டம் நெரியும், நாலு மணி படகில் பாதி சனம் திரும்பிப்போய்விடும், அதற்கப்புறம் அந்த ஊர் அங்குள்ளவர்களுக்கே சொந்தமாகிவிடும். அங்கே ஒரு ராத்திரி தங்காமல் வந்துவிடாதீர்கள்.

---

லாஷப்பெல் மேலூரான்:

அக்கா சொல்கிற படி விஷயம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிரிக்காமல் சேந்த்-ஆனிலேயே இருந்தால் ஐயா கேட்ட எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது. கொடைக்கானலைச் சுற்றிப் பார்க்க ராமேஸ்வரத்தில் ரூம் போடுவோமா? தூரம் அவ்வளவு இல்லை, அலுப்பு அவ்வளவு வந்துவிடும். தெஷேயில் சமதளத்தில், கடற்கரை ரோட்டிலேயே வீடுகள் இருக்கின்றன, தேடினால் கிடைக்கும். அங்கே மரங்களுக்கு நடுவே ஒரு தாவரத் தோட்டம் இருக்கிறது, பாதை ஏற்ற இறக்கம் கொஞ்சம் இருந்தாலும் நடுநடுவே உட்கார்ந்து போகலாம்.

கார் வாடகை பற்றி ஒரு வார்த்தை. முன்பணத்தைக் கிரெடிட் கார்டில்தான் பிடித்துவைப்பார்கள். நான் டெபிட் கார்டை நீட்டியதற்கு ஒரு நிறுவனத்தில் சாவியே தரவில்லை, பதிவு செய்ததெல்லாம் செல்லாது என்றார்கள். கார்டும் ஓட்டுகிறவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், மகனிடம் சொல்லுங்கள்.

கடற்கரையில் மரத்தடியில் உட்காரும்போது பார்த்து உட்காருங்கள். மான்சினியே என்று ஒரு மரம், சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி பழம் உதிர்ந்து கிடக்கும். பழம் விஷம், பால் பட்டால் தோல் வெந்துவிடும், மழைக்கு அதன் கீழே ஒதுங்கினாலே கொப்புளம் வரும். நிறைய மரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள், எல்லா மரத்திலும் இருக்காது.

நீங்கள் போகிற மாதம் அருமையான மாதம். டிசம்பரிலிருந்து மழை குறைவு, புயல் காலம் ஜூனிலிருந்து நவம்பர் வரை. 2011லிருந்து அட்லாண்டிக் பக்கக் கரையில் சர்காசம் என்ற கடற்பாசி டன் கணக்கில் ஒதுங்கி, அழுகி முட்டை நாற்றம் அடிக்கிறது, அதுவும் பெரும்பாலும் மார்ச்சுக்கு மேல்தான். ஜனவரி கடைசி என்றால் பிரெஞ்சுப் பள்ளி விடுமுறைக்கும் முந்திவிடுவீர்கள், விடுமுறை வந்தால் வாடகை ஏறிவிடும். நீங்கள் போகிற சமயம் ஞாயிறுதோறும் கார்னிவல் ஊர்வலமும் நடக்கும், முரசுச் சத்தம் நெஞ்சுக்குள் கேட்கும்.

---

நாட்டார் வழக்கு:

கோயில் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மதுரையில் நாட்டுப்புறத் தெய்வங்கள் பற்றி ஆய்வு செய்கிறேன், அந்தத் தீவுக்கும் வேலையாகப் போயிருக்கிறேன்.

அடிமை முறையை 1848ல் பிரான்ஸ் ஒழித்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் இல்லாமல் போனது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். 1854 டிசம்பரில் முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது, 1889 வரை ஏறக்குறைய 42,000 பேர் போனார்கள். பின்னால் கல்கத்தாவிலிருந்தும் ஏற்றினார்கள், ஆனால் வழிபாட்டில் நிலைத்தது தமிழ் முறைதான். இன்று தமிழ் பேசுகிறவர்கள் இல்லை, பூசையில் பாட்டாகவும் மந்திரமாகவும் தமிழ் மிச்சம் இருக்கிறது.

நீங்கள் பார்க்க வேண்டியது காப்பெஸ்தேர் ஊரில் ஷாங்கி கோயில். பெரிய சாலையை ஒட்டியே இருக்கிறது, நம்மூர் வண்ணத்தில் சுதைச் சிற்பங்கள், கண்ணில் படாமல் போகாது. மாரியம்மன் கோயில். கார்பே அருவிக்குப் போகும் வழியும் அதே ஊர்தான், ஒரே நாளில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். அங்கே மாரியம்மனுக்கு அடுத்தபடி முக்கியமான சாமி மால்தெவிலன். யாரென்றால் நம்ம மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுர வாசலில் காவல் நிற்கிற மதுரை வீரன். சாமி கும்பிடும் வீடுகளில் உயரமான கொடிமரம் நட்டிருந்தால் அது நாகூர் ஆண்டவருக்கு. கப்பலில் கடலைத் தாண்டிப் போனவர்கள் அவரிடம் வேண்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், கொடியை இன்றும் ஏற்றுகிறார்கள்.

சனி, ஞாயிறுகளில் ஏதாவது ஒரு குடும்பம் நேர்த்திக்கடன் பூசை வைக்கும். அது அவர்கள் வீட்டு விசேஷம், கூப்பிட்டால் போகலாம், கேட்காமல் கேமராவை எடுக்கக் கூடாது. கிடாவும் சேவலும் வெட்டுவார்கள், அம்மா சைவம் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பார்க்க மனசில்லை என்றால் வார நாளில் போய்விடுங்கள். பூசை முடிந்து வாழையிலை போட்டுக் கையால்தான் சாப்பிடுவார்கள். மதுரையிலிருந்து வருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள், உங்களை விட மாட்டார்கள்.

கூடவே ஒருவரைத் தெரிந்துகொண்டு போங்கள். அதே காப்பெஸ்தேரில் 1863ல் பிறந்த ஹென்றி சிதம்பரம். இந்திய வம்சாவளியினருக்கு ஓட்டுரிமை இல்லை என்று ஒதுக்கியதை எதிர்த்து 1904ல் வழக்குக்குக் கிளம்பினார். 1923ல்தான் அவர் கேட்டது கிடைத்தது, அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் என்று ஒப்புக்கொண்டார்கள். கோயிலில் யாரிடமாவது அவர் பெயரைச் சொன்னால் பேச்சு தானாக ஓடும்.

சேந்த்-ஆனுக்கு மாறுகிற அன்று வழியில் புவாந்தாப்பித்ரில் மெமோரியல் ஆக்ட் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். 2015ல் திறந்தது, பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் கட்டியிருக்கிறார்கள், முழுக்க அடிமை வணிக வரலாறு. கடற்கரையும் ரம்மும் மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, அந்தக் கரும்பு யார் வெட்டியது என்று தெரியாமல் அந்தத் தீவைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

---

திருநகர் வாத்தியார்:

மதுரை வீரன் அங்கே இருக்கிறான் என்று வாசித்துக் காட்டியதும் வீட்டம்மா ஓட்டல் பேச்சையே எடுக்கவிடவில்லை. மகனும் இறங்கிவந்துவிட்டான். இப்போதைக்கு முடிவு இது. முதலில் தெஷேயில் படி இல்லாத வீடு, அக்கா சொன்ன மூன்று கேள்வியும் கேட்டுவிட்டு. அங்கிருந்து கண்ணாடிப் படகும் எக்ரெவிஸ் அருவியும். அப்புறம் ஒரு ராத்திரி லே சேந்த். கடைசியில் சேந்த்-ஆன், மகன் அங்கே ஆசை தீரக் கடலில் கிடக்கட்டும். கோயில், எரிமலை இரண்டும் லே சேந்த் போகிற நாளோடு சேருமா? பெரிய பெட்டிகளை என்ன செய்வது?

---

அய்யர் பங்களா அக்கா:

எல்லாம் ஒரே நாளில் சேராது சார், இழுத்துப்போடாதீர்கள். தெஷேயிலிருந்து காலையில் கிளம்பினால் எரிமலை முதலில், மேகம் மூடுவதற்குள். மத்தியானம் படகு. மறுநாள் காலையில் கோட்டை பார்த்துவிட்டு மத்தியானப் படகில் திரும்பினால் த்ருவா-ரிவியேரிலிருந்து காப்பெஸ்தேர் பக்கம்தான், கோயிலும் முட்டி ஒத்துழைத்தால் கார்பேயும் பார்த்துவிட்டு அப்படியே சேந்த்-ஆன் போய்விடலாம், அதே வழி. பெரிய பெட்டியைக் கார் டிக்கியிலேயே வெளியே தெரியாத மாதிரி வைத்து, துறைக்குப் பக்கத்தில் கட்டணம் வாங்கிக் காவல் போட்டிருக்கிற நிறுத்தத்தில் விடுங்கள். பாஸ்போர்ட்டும் மருந்தும் கைப்பையில். கொசுவுக்குத் தடவுகிற மருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள், டெங்கு அங்கேயும் உண்டு.

---

உசிலை கப்பல்காரன்:

படகு டிக்கெட்டைத் திரும்பி வருவதற்கும் சேர்த்தே எடுங்கள் ஐயா. கடல் சீற்றமாக இருந்தால் கடைசிப் படகை நிறுத்திவிடுவார்கள், அதனால் பாரிஸ் விமானத்துக்கு முந்தைய நாளில் எந்தத் தீவுப் பயணமும் வைக்காதீர்கள்.